நின்ற பிறகு ஒரு காலடி

டக், டக், டக், டக். நின்றது. ஒருவர் மூச்சு வாங்கும் நேரம். பிறகு இன்னும் ஒரு டக். நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தும் பயனில்லை, பகலில் தூங்குகிறவன் அறை, ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வையை ஆணி அடித்து வைத்திருக்கிறேன், மத்தியானம் ஒன்றரை மணியும் எனக்கு இருட்டுதான். படுத்தபடியே யாருடைய கால் என்று பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது, காதால் செய்வதை வேறு எப்படிச் சொல்வது. இந்தக் கட்டடத்தில் எட்டு வீடு, எட்டு வீட்டுக் கால்களும் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு டியூஷன் மாஸ்டர் வலது செருப்பை இழுப்பார். கீழ்வீட்டு நர்ஸம்மா ரப்பர் அடி, அவள் வருவது தெரியாது, அவள் சாவிக்கொத்துதான் வரும். என் மனைவி இந்திராணி வெறுங்காலில் குதிகாலை முதலில் ஊன்றுவாள், மாடிப்படி அவளுக்கு ஜென்மப் பகை. இது அவர்களில் யாரும் இல்லை. குட்டைக் குதி வைத்த தோல் செருப்பு, பெண், ஐம்பது கிலோவுக்குள், இடது பாதம் கொஞ்சம் உள்ளே திரும்பி விழுகிறது. தெரிந்த கால்தான். இருபது வருஷமாக நான் போட்டு நடக்கிற கால். ஸ்டூடியோவிலிருந்து பெனடிக்ட் நேற்று அனுப்பிய ஒலித்துண்டு தலையணைக்கு அடியில் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது போல என்று கையை விட்டுத் துழாவினேன். போன் இல்லை. "இந்திரா, என் போன் எங்க?" "ஹால்ல சார்ஜ் போட்டிருக்கேன். செத்துக் கெடந்துச்சு," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. செத்துக் கிடந்த போன் பாடாது. அப்படியானால் கனவு. கனவு என்று வைத்துக்கொண்டேன். நாலு மணிக்கு அந்தக் காலுக்குச் சொந்தக்காரர், லமியா தன்னூஸ், போனில் பேசப் போகிறார், அந்தப் பயத்தில் வந்த கனவு.

மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். பதினெட்டுப் படி. எண்ணாமல் ஏற முடிந்த காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஸ்டூடியோ தரைக்கு அடியில் இருக்கிறது, ஏசி, சூரியன் எட்டிப் பார்க்காது, தொட்டியில் இருக்கிற மணல் பத்து நாளில் நமுத்துப்போய் நடந்தால் மண் மாதிரி சத்தம் போடாமல் ரவா உப்புமா மாதிரி சத்தம் போடும். அதனால் ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய பேனர் ஒன்றை விரித்து, காயப் போட்டு, சலித்து, திரும்பக் கொண்டுபோவது என் பொறுப்பு. சினிமாவில் ஒருவர் நடந்தால் அந்தச் சத்தம் அவர் காலிலிருந்து வருவதில்லை. படமெடுக்கும்போது மைக் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு இருட்டறையில் என்னைப் போல ஒருவன் திரையைப் பார்த்தபடி, இருந்த இடத்திலேயே, அவருக்காக நடக்க வேண்டும். எஃபெக்ட்ஸ் வேலை என்போம். வெளியே வண்டிச் சத்தம் அடங்கிய பிறகுதான் செய்ய முடியும், அதனால் நான் ராத்திரி ஆள். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலில் நான் அந்த ஸ்டூடியோவில் வாட்ச்மேன். கேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வருகிறவர் யார் என்று காலை வைத்துச் சொல்லுவேன், தபலாக்காரர் வர்றார், புரொடியூசர் வர்றார், புரொடியூசர் கோபமா வர்றார். ஒருநாள் எஃபெக்ட்ஸ் ஆள் வரவில்லை, "டேய் தணிகாசலம், நீ நட பாக்கலாம்" என்றார்கள். நடந்தேன். எனக்குக் கால் சின்னது, பெண்கள் செருப்பு பின்பக்கம் கொஞ்சம் வெட்டினால் பொருந்தும். அன்றிலிருந்து எத்தனையோ கதாநாயகிகள் என் காலில்தான் மரத்தைச் சுற்றினார்கள். பிறகு துபாயில் ஒரு கம்பெனி அரபுப் படங்களைக் கொண்டுவந்து இறக்கியது. அதில் முதல் படம், முதல் ரீல், ஒரு பெண் படியேறுகிறாள். லமியா தன்னூஸ். பெயர் அப்போது தெரியாது. கால்தான் தெரியும்.

அவர் நடித்த படங்களின் பெயர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. எனக்கு அவை செருப்புகள். பழுப்புச் செருப்புப் படம், கறுப்பு பூட்ஸ் படம், ஆஸ்பத்திரி ஸ்லிப்பர் படம், வெறுங்கால் படம். பழுப்புச் செருப்பில் அவருக்கு நாற்பத்து மூன்று வயது, விதவை, பெய்ரூட்டில் ஆறு மாடி, கரண்ட் இல்லை, லிஃப்ட் கிடையாது, காய்கறிப் பையோடு ஏறுகிறார். பூட்ஸ் படத்தில் கணுக்கால் ஒருமுறை ஒடிந்து கூடியிருக்கிறது என்று நடையிலேயே கண்டுபிடித்தேன், பெனடிக்ட் நம்பாமல் எங்கோ தேடிப் பார்த்து, "ஆமாண்ணே, போன வருஷம் விழுந்திருக்காங்க, நீங்க மனுஷனா என்னாண்ணே" என்றான். பெனடிக்ட் எங்கள் சவுண்டு எஞ்சினியர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், வேளாங்கண்ணி பக்கம். பிறகு நானே தேட ஆரம்பித்தேன். பகலில் தூக்கம் வராதபோது போனில் அவருடைய பழைய டிவி நாடகங்கள், பத்தொன்பது வயதில் நடித்தவை, ஒரு வார்த்தை புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஊரில் அழுகைக்கென்றே அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பல்பொடி விளம்பரம் ஒன்றில் மட்டும் சிரிக்கிறார். நான் அழுகையையும் பார்க்கவில்லை, சிரிப்பையும் பார்க்கவில்லை. பத்தொன்பது வயதில் அவருடைய இடது கால் நேராக விழுகிறது. அச்சு மாதிரி நேராக. இருபத்தைந்து வயதுக்கு மேல் எடுத்த எதிலும் அது உள்ளே திரும்பிவிட்டது. நடுவில் என்ன ஆயிற்று என்று எனக்கு அப்போது தெரியாது. பின்னால் யாரோ வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கப் போகிறவர்களின் கால் அப்படித்தான் விழும். திரும்பாமலே நாற்பது வருஷம் நடந்தால் அது அப்படியே நின்றுவிடும்.

சல்லடையை இரண்டு செங்கல் மேல் வைத்து மணலை அள்ளிப் போட்டேன். சர், சர். பெருமணல் மேலே தங்கியது, பொடி கீழே விழுந்தது. எனக்கு வேண்டியது பொடி. படியில் லேசாகத் தூவி நடந்தால்தான் பலகை கல்லாகக் கேட்கும். இன்று ராத்திரி அவருடைய மூன்றாவது படத்தின் கடைசிக் காட்சி, நடித்ததல்ல, அவரே எடுத்த மூன்றாவது. நடிகைக்கு ஐம்பது தாண்டியதும் அம்மா வேஷம்தான் வந்ததாம், அம்மா வேஷத்துக்கும் அழத்தான் கூப்பிட்டார்களாம், போதும் என்று கேமராவுக்குப் பின்னால் போய்விட்டார், பேட்டியில் அப்படிச் சொல்லியிருந்தார். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியும், அவர் டைரக்டர் ஆனது என்னால். என் ஒரு காலால். பழுப்புச் செருப்புப் படத்தில் ஆறு மாடியையும் நான் ஒரே மூச்சில் ஏறினேன், ஏறுவது என்றால் ஒரு பலகைமேல் நின்ற இடத்தில் ஏறுவது. விடியப் போகிற நேரம், இடது கால் மரத்து மரக்கட்டையாகிவிட்டது. திரையில் அவர் கதவுக்கு முன்னால் நிற்கிறார். நானும் நின்றேன். கால் பிடித்து இழுத்தது. விழாமல் இருக்க மாற்றி ஊன்றினேன். டக். அவ்வளவுதான். அப்போதிருந்த எஞ்சினியர் டீ குடிக்கப் போயிருந்தார், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திரும்ப எடுக்க வேண்டும் என்று தெரியும். கால் சொன்னபடி கேட்காது என்றும் தெரியும். யாருக்குக் கேட்கப் போகிறது, அரபுக்காரன் படம், வசனத்தில் அமுங்கிவிடும் என்று உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தேன். காலையில் ரீல் அப்படியே துபாய்க்குப் போய்விட்டது. அந்த இடத்தில் வசனம் இல்லை. இசையும் இல்லை. அவர் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் என் கால்.

"ஏங்க, மோரு." இந்திராணி சொம்போடு ஏறி வந்துவிட்டாள், பதினெட்டுப் படிக்கும் மூச்சு வாங்கினாள். சுவரோரம் வெயிலில் வரிசையாகக் காய்கிற செருப்புகளைப் பார்த்தாள். "இந்தப் பொம்பள செருப்பையெல்லாம் இங்க காயப்போடாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது. எதிர்வீட்டுக்காரி கேக்குறா, உங்க வீட்டுல எத்தன பொம்பளைங்கன்னு." "நீ என்ன சொன்ன?" "நான் ஒருத்திதான், மிச்சமெல்லாம் லெபனான்ல இருக்குன்னேன்." சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மணலை விரலால் கிளறிக்கொண்டே, "நாலு மணிக்குத்தானே அந்தம்மா," என்றாள். ஆமாம். "என்ன சொல்லப் போறீங்க?" தெரியல. "நெசத்தச் சொல்லுங்க." என்ன நெசம் என்று கேட்டுவிட்டு மோரைக் குடித்தேன், உப்பு கூடுதல். இவளுக்கு என்ன தெரியும். யாருக்கும் சொன்னதில்லை. இவளுக்கும் சொன்னதில்லை. "எனக்கு என்ன தெரியும்," என்றாள் அவள், நான் நினைத்ததைக் கேட்ட மாதிரி, "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். வெடியக்காலையில நீங்க வேலை முடிஞ்சு படியேறி வருவீங்க இல்ல, கதவுகிட்ட நிப்பீங்க, சாவி எடுப்பீங்க, அப்புறம் ஒரு காலடி கேக்கும். யாரோ கூட வந்துட்டாங்கன்னு நான் எந்திரிச்சு உக்காந்துருவேன். வருஷக்கணக்கா. ஒருநா கதவு ஓட்டையில பாத்தேன். நீங்கதான் வெக்கிறீங்க. நின்னுட்டு, இன்னொரு தடவ வெக்கிறீங்க. உங்களுக்கே தெரியல." சொம்பை வாங்கிக்கொண்டு இறங்கினாள். அவள் இறங்குவதை எண்ணினேன். குதிகால், குதிகால், குதிகால். பதினெட்டில் நின்றது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நன்றாகக் காது கொடுத்துக் கேட்டேன், ஒன்றும் இல்லை.

நான்தான் வைக்கிறேனாம். மூன்று வருஷமாகவோ நாலு வருஷமாகவோ நான் அதைக் கேட்டிருக்கிறேன், என் முதுகுக்குப் பின்னால், திரும்பிப் பார்க்காமல் சாவியைத் திருகி உள்ளே வந்து தாழ் போட்டிருக்கிறேன், யாரிடமும் சொல்லாமல். சொன்னால் என்ன சொல்வார்கள். ஒரு பொய் சொன்னேன், அது என் பின்னால் படியேறி வருகிறது என்றா. பத்து வருஷத்துக்கு முந்தி, லமியா தன்னூஸ் தான் எடுத்த முதல் படத்தை எங்களிடம் கொடுத்தபோது ஸ்டூடியோவில் பெரிய திரையில் வீடியோவில் வந்தார். வெள்ளை முடி, கறுப்புச் சட்டை, கையில் சிகரெட். பழுப்புச் செருப்புப் படத்தில் தனக்காக நடந்தவர் யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெனடிக்ட் முதுகில் தள்ளினான், முன்னால் போய் நின்றேன். அவர் மெதுவாக, எனக்குப் புரியும்படியான இங்கிலீஷில் சொன்னார், புரியாததை பெனடிக்ட் சொன்னான். ஒரு தங்கை. ஹனான். பத்தொன்பது வயது. போர்க்காலம், ஆறாவது மாடி, கரண்ட் கிடையாது, இருட்டில் இரண்டு பேரும் ஏறுவார்கள், அக்கா முன்னால், தங்கை ஒரு படி பின்னால். அக்கா கதவருகே நின்றதும் தங்கையின் கடைசிக் காலடி வந்து சேரும், டக், பிறகுதான் அக்கா கதவைத் தட்டுவாள். ரேடியோவுக்கு பேட்டரி வாங்க இறங்கிப் போனவள் திரும்பவில்லை. தெருமுனையில் துப்பாக்கிக்காரர்கள் ஒரு காரை நிறுத்தினார்கள் என்று யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான் தெரியும். உடல் இல்லை, செய்தி இல்லை. "என் படத்தைத் தியேட்டரில் பார்க்கிறேன், நான் கதவுக்கு முன்னால் நிற்கிறேன், அவள் வந்துவிட்டாள். எழுந்து வெளியே போய் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். அந்த முகம் அவ்வளவு பெரிதாகத் திரையில் இருக்கிறது. எனக்குக் கால் மரத்துப்போச்சும்மா என்று எப்படிச் சொல்வது. "அந்த எடத்துல பின்னாடி யாரோ வர்ற மாதிரி கேட்டுச்சு மேடம்," என்றேன். பெனடிக்ட் அதை இங்கிலீஷில் சொன்னான். அவர் அழவில்லை. அழுகைக்கென்றே பேர் வாங்கியவர், அழவில்லை, கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் குனிந்தார். எனக்கு.

அவர் எடுத்த அந்த முதல் படத்திலும் அடுத்ததிலும் அந்தக் காலடி இருக்கிறது. நானே வைத்தேன், கால் மரக்காமல், கவனமாக, அளந்து. ஏதோ ஒரு நாட்டில் பரிசு கொடுத்தார்கள், நின்ற பிறகு வரும் காலடி என்று அதைப் பற்றியே எழுதினார்கள், சென்னையில் ஒருவருக்குத் தன் தங்கையின் காலடி கேட்டது என்று அவர் பேட்டி கொடுத்தார். பெனடிக்ட் அதை பிரிண்ட் எடுத்துத் தொட்டிக்கு மேல் ஒட்டி, "எங்கண்ணன் ஆவியோட லைன்ல இருக்காரு, யாராச்சும் தாத்தாகிட்ட பேசணும்னா சொல்லுங்க" என்று எல்லோரிடமும் கிண்டல் செய்தான். நானும் சிரித்தேன். ஆனால் நேற்று அவன் கிண்டல் செய்யவில்லை. மூன்றாவது படத்துக்கு அந்தம்மா இரண்டு முடிவு எடுத்து வைத்திருக்கிறார், ஒன்றில் வயதான அக்கா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிடுகிறாள், இன்னொன்றில் திறந்தபடியே விட்டுவிடுகிறாள், எதை வைப்பது என்று உங்களைக் கேட்டுத்தான் முடிவு பண்ணுவாராம் என்றான். "அவங்க கேக்கப்போறது ஒண்ணுதாண்ணே. அன்னைக்கு நெசமாவே கேட்டுச்சான்னு." படத்துக்காகவா என்று கேட்டேன். இல்லை என்றான். நிஜ வீட்டிலும் அந்தக் கதவு நாற்பது வருஷமாகத் தாழ் போட்டதில்லையாம். அம்மா போடவிடவில்லை, ஹனானிடம் சாவி இல்லை என்று. அம்மா செத்த பிறகு இவரும் போடவில்லை. துறைமுகம் வெடித்த வருஷம் கதவு பெயர்ந்து போய்ப் புதுக் கதவு வைத்தார், தாழ்ப்பாளோடுதான் வந்தது, பெயிண்ட் ஒட்டிப்போய் அப்படியே கிடக்கிறது. அறுபத்து மூன்று வயது, தனி ஆள், அந்த ஊர் இப்போது இருக்கிற இருப்பு. போன மாதம் ஒரு விடிகாலையில் விழித்துப் பார்த்தால் ஹாலில் ஒருவன் நிற்கிறான். இவர் கத்தவில்லை. ஹனான் என்று கூப்பிட்டிருக்கிறார். அவன் என்ன நினைத்தானோ, ஓடிவிட்டான். அடுத்து வருகிறவன் ஓடுவானா என்று பெனடிக்ட் கேட்கவில்லை. நான் கேட்டுக்கொண்டேன். ராத்திரி முழுக்க அதையே.

சர், சர். பொடி மணல் குவிந்து கொண்டிருக்கிறது, விரலுக்கு இடையில் விட்டால் தண்ணீர் மாதிரி போகிறது. சொல்லிவிட்டால் ஒரு கதவு சாத்தப்படும், ஒரு கிழவி தாழ் போட்டுத் தூங்குவாள். சொல்லிவிட்டால் அவள் தங்கை இரண்டாம் தடவை காணாமல் போவாள், இந்தத் தடவை துப்பாக்கிக்காரன் இல்லை, நான். சொல்லாவிட்டால் அவர் என்னை நம்பிக் கதவைத் திறந்து போட்டுப் படுப்பார், ஒரு நாள் பேப்பரில் வரும், அதை பெனடிக்ட் கொண்டுவந்து காட்டுவான், நான் படியேறி வீட்டுக் கதவின் முன்னால் நிற்பேன், பின்னால் டக். அப்போது அது என் காலாக இருக்காது. இப்போது மட்டும் என் காலா. இந்திராணி பார்த்தாளாம். பார்த்தது ஒருநாள். மத்தியானம் நான் படுத்திருந்தபோது கேட்டது யார் கால். என் கால் போர்வைக்குள் இருந்தது. கனவு, கனவு. சின்ன வயதில் கேட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒரு விளையாட்டு வைத்திருந்தேன், கால் சத்தம் கேட்டதும் ஆளைச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன். ஒருமுறை சொன்னேன், திரும்பினேன், ஆள் இல்லை. மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, நான் பேர் சொன்ன அந்த வயலின்காரர் அன்று காலையே ஊருக்குப் போய்விட்டார் என்று. ஊருக்குத்தான், வேறெங்கும் இல்லை, இன்றைக்கும் உயிரோடு மாம்பலத்தில் இருக்கிறார். ஆனாலும் அன்றைக்கு வந்தது யார். இப்படித்தான் எனக்கு மனசு எங்கேயாவது போய் மாட்டிக்கொள்ளும், செருப்பு வார் ஆணியில் மாட்டுகிற மாதிரி, இழுக்க இழுக்கக் கிழியும். சல்லடையைத் தட்டினேன். மேலே தங்கிய பெருமணலில் ஒரு சின்னச் சோழி. இதுவும் யார் காலிலோ வந்ததுதான்.

நாலு பத்துக்கு, மடியில் செருகி எடுத்து வந்திருந்த போன் அடித்தது. கையில் மணல், வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தேன். "அண்ணே, மேடம் வெயிட்டிங். நான் நடுவுல இருக்கேன், புரியலைன்னா சொல்லுங்க. ஏடாகூடமா எதுவும் வேண்டாம், போன வாட்டி சொன்னதையே சொல்லுங்க போதும்," என்றான் பெனடிக்ட். பிறகு ஒரு அறை கேட்டது. மனிதர் பேசுவதற்கு முன்னால் அறைதான் கேட்கும். உயரமான கூரை, கல் தரை, எங்கோ ஜெனரேட்டர், ஜன்னலுக்கு வெளியே ஒரு காய்கறிக்காரன் மைக்கில் கத்திக்கொண்டே போகிறான். "தணி," என்றார். அவருக்கு என் பெயரில் பாதிதான் வரும். சௌக்கியமா என்றார், மனைவி சௌக்கியமா என்றார், உன் கால் எப்படி என்றார். அவர் கால் எப்படி என்று நான் கேட்டேன். மழைக்கு வலிக்கிறது என்று சிரித்தார். அப்புறம் கேட்டார். அன்றைக்கு உனக்கு உண்மையில் கேட்டதா. படத்துக்காகக் கேட்கவில்லை, படம் எப்படியும் முடியும். எனக்கு வயதாகிறது தணி, எனக்குத் தெரிய வேண்டும். வெயில் மண்டையில் இறங்கியது. செருப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன, பழுப்பு, கறுப்பு, ஸ்லிப்பர், எல்லாம் இடது பக்கம் உள்ளே தேய்ந்தவை, நான் தேய்த்தவை. "இல்ல மேடம்," என்றேன். எனக்கே கேட்காத மாதிரி இருந்தது, திரும்பச் சொன்னேன். "இல்ல மேடம். எனக்குக் கால் மரத்துப்போச்சு. எடது கால். விழாம இருக்க ஊனினேன். நீங்க கேட்டப்போ சொல்ல முடியல." இங்கிலீஷில் சொல்ல வேண்டியவன் பெனடிக்ட். "சொல்லுடா," என்றேன். "அண்ணே." "சொல்லு பெனடிக்ட்." சொன்னான். கிராம்ப் என்ற வார்த்தை மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது, சின்ன வார்த்தை.

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. காய்கறிக்காரன் தெரு திரும்பிவிட்டான். அவர் சிகரெட்டை அணைக்கிற சத்தம், பீங்கான். "இருபது வருஷமாக ஒரு மனிதனின் கெண்டைக்காலைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன்," என்றார். திட்டுகிற குரலாக இல்லை. கணக்குப் பார்க்கிற குரலாகவும் இல்லை. கண்ணாடியில் தன் முகத்தில் ஒரு புதுக் கோட்டைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. "மன்னிச்சிருங்க மேடம்." "ரொம்ப வலித்ததா, அன்றைக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியானால் அது உண்மைதான்," என்றார், பிறகு, "கதவு சாத்துகிற முடிவை வை, பெனடிக்ட். அந்தக் காலடியை எடுத்துவிடு. அவள் நிற்கிறாள், உள்ளே போகிறாள், சாத்துகிறாள். அவ்வளவுதான்," என்றார். சரி மேடம் என்றான் பெனடிக்ட். "லைனில் இருங்கள்," என்றார். போனை மேஜையில் வைத்தார். மரம். எழுந்தார்.

நடந்தார். வீட்டுச் செருப்பு, மெல்லிய அடி, கல் தரை. வலது, இடது உள்ளே, வலது, இடது உள்ளே. அவருடைய சொந்தக் கால் சத்தத்தை நான் அதுவரை கேட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இருபது வருஷமாகப் போட்டுத் திரிந்தவன், ஒருமுறையும் கேட்டதில்லை. நான் நடந்ததைவிட மெதுவாக இருந்தது. ஒன்பது, பத்து, பதினொன்று. நின்றார். இரும்பில் பெயிண்ட் பிளக்கிற சத்தம், ஒருமுறை, வரவில்லை, இரண்டாம் முறை விரல் நழுவியது, மூன்றாம் முறை இறங்கியது. தாழ். நாற்பது வருஷமாகப் போடாத தாழ், ஒரு சின்ன இரும்புச் சத்தம்தான். அப்புறம் ஒரு டக். நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். தரையில் விழுகிற காலுக்கு ஒரு சத்தம், சுவர் தாங்கிக்கொள்ளும். படிக்கட்டில் விழுகிற காலுக்கு வேறு சத்தம், ஆறு மாடிக்கும் கீழே போய்த் திரும்பி வரும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை. இது திரும்பி வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம். குட்டைக் குதி, லேசான ஆள். அந்த அறையிலும் யாரும் அசையவில்லை. பிறகு அவருடைய கால்கள் திரும்பின, பதினொன்று, பத்து, போனை எடுத்தார். மூச்சு வாங்கியது. "தணி," என்றார். "ம்." "உனக்கு ஏதாவது கேட்டதா?" எதிர்வீட்டு மாடியில் காகம் ஒன்று தண்ணீர்த் தொட்டி மூடியில் உட்கார்ந்து கத்தியது. என் இடது கால் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இருந்தது. "தாழ்ப்பாள் கேட்டுச்சு மேடம்," என்றேன். "வேறே?" "வேறே ஒண்ணும் இல்ல." அவர் கொஞ்ச நேரம் என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார், நடிகை, அவருக்கும் காது உண்டு. "நல்லது," என்றார். வைத்துவிட்டார். "அண்ணே," என்று பெனடிக்ட் மட்டும் மிச்சமிருந்தான், "ஒரு சத்தம் வந்துச்சே, அது என்னாண்ணே?" "அவங்க ஊரு ஜெனரேட்டர். பத்து மணிக்கு வந்துர்றேன், பலகைய மட்டும் ஈரம் இல்லாம தொடச்சு வை."

போனைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் சுவர்மேல் வைத்தேன். வெயில் சாய்ந்து பேனரில் பாதிக்கு நிழல் வந்துவிட்டது, இன்னும் அரை மூட்டை இருந்தது, இருட்டுவதற்குள் முடிக்காவிட்டால் பனியில் திரும்ப நமுத்துவிடும். குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் மணலை அள்ளிச் சல்லடையில் போட்டு, சலிக்க ஆரம்பித்தேன்.